பழைய மடிக்கணினிக்கு இன்றைய வைஃபை: டபிள்யூஆர்802என் சிறு ரூட்டர் பற்றிய மதிப்புரை

இருபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான மடிக்கணினியை இன்றைய வைஃபையோடு சேர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, அதில் செருகக்கூடிய வைஃபை அட்டையையோ யுஎஸ்பி அடாப்டரையோதான். அந்த வழி சில கணினிகளுக்குப் பயன்படும் என்றாலும், பலருக்கு அது டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தேடும் நீண்ட அலைச்சலில்தான் போய் முடிகிறது. அதைவிட எளிய, நம்பத்தகுந்த வழி ஒன்று உண்டு. வைஃபையில் சேரும் வேலையைக் கணினியிடமிருந்து முழுவதுமாக எடுத்து வெளியே இருக்கும் ஒரு சிறு கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, கணினிக்கு லேன் கேபிளை மட்டும் கொடுப்பதே அது. அந்த வேலைக்கு நான் பயன்படுத்தி வருவது டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஆர்802என் என்னும் பயண ரூட்டர். ஐபிஎம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட திங்க்பேட் டி23 மடிக்கணினியோடு இதை இணைத்து நெடுநாள் பயன்படுத்திய பிறகு, பழைய கணினியைக் கைவிட மனமில்லாத எவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சில வரம்புகளும் இதற்கு உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

டி23 தன் காலத்தில் மதிப்புமிக்க கணினியாக இருந்தது. பென்டியம் III-எம் செயலி, 1 ஜிபி வரை ஏற்கும் நினைவகம், இன்றும் தட்டச்சு செய்யத் தூண்டும் விசைப்பலகை ஆகியவை அதன் சிறப்புகள். அதன் சில வகைகளில் 802.11பி என்னும் தொடக்ககால வைஃபை அட்டை உள்ளேயே பொருத்தப்பட்டு வந்தது. என்னிடம் இருப்பதும் அத்தகையதே. அந்த அட்டை இன்றும் இயங்குகிறது. சுற்றியுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குகளின் பெயர்களைக்கூட வரிசையாகக் காட்டுகிறது. ஆனால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் எதிலும் சேர்வதில்லை. இதைப் பார்க்கிறவர்கள் அட்டை பழுதாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் ரேடியோவில் குறை ஏதும் இல்லை. அட்டைக்குத் தெரிந்த பாதுகாப்பு முறை வேறு, இன்றைய ரூட்டர் கேட்கும் பாதுகாப்பு முறை வேறு.

அந்தக் காலத்து வைஃபை அட்டைகள் அறிந்தது வெப் என்னும் குறியாக்க முறையை மட்டுமே. அதன் அடிப்படையிலேயே ஓட்டை இருப்பதை ஃப்ளூரர், மான்டின், ஷமிர் ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2007-இல் வந்த மற்றொரு தாக்குதல் முறை, 104 பிட் வெப் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியும் என்பதை நிறுவியது. அதற்குள் 2003-இல் டபிள்யூபிஏ என்னும் அடுத்த பாதுகாப்பு முறை வந்துவிட்டது. பழைய அட்டைகளையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே, வெப் பயன்படுத்திய அதே ஆர்சி4 குறியாக்க முறையின் மேல் டிகேஐபி என்னும் ஒட்டு வேலையைச் செய்து அதை அமைத்தார்கள். அட்டைக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மேம்படுத்தினாலே பல அட்டைகள் அதற்கு மாறிக்கொள்ள முடிந்தது. ஆனால் 2004-இல் வரையறுக்கப்பட்ட டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்னும் வலுவான குறியாக்கத்தைக் கேட்கிறது. முதல் தலைமுறை அட்டைகளின் வன்பொருள் அதற்காக அமைக்கப்படவே இல்லை. வைஃபை முத்திரை பெறும் புதிய கருவிகள் எல்லாவற்றிலும் டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும் என்பது 2006 மார்ச்சில் கட்டாயமானது. அதற்கு அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-க்கு அத்தகைய கட்டாயம் 2020 ஜூலையில் வந்தது. ஆகவே 2006-க்கு முந்தைய மடிக்கணினியை வைத்திருப்பவர் எவரும், எதையும் வாங்குவதற்கு முன்னால் தம் அட்டை ஏஇஎஸ் அறியுமா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இயங்குதளத்தின் பங்கும் இதில் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு டபிள்யூபிஏ2 தெரிய வேண்டுமானால் மூன்றாம் சர்வீஸ் பேக் தேவை. இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு நின்றுவிட்ட கணினிக்கு 2005-இல் வந்த தனி இணைப்பு நிரலை நிறுவ வேண்டும். விண்டோஸ் 98-இல் வைஃபைக்கான பொது ஏற்பாடே கிடையாது. ஒவ்வொரு அட்டையும் தன் நிறுவனத்தின் மென்பொருளையே நம்பி நின்றது. லினக்ஸில் இந்தக் கவலை இருக்காது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு: 2024-இல் வெளியான 6.8 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), ஒரினோகோ, ஹோஸ்ட்ஏபி உள்ளிட்ட மிகப் பழைய அட்டைகளுக்கான டிரைவர்கள் நீக்கப்பட்டுவிட்டன.

இந்த இடத்தில், பலர் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஓர் அறிவுரையை நான் உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது. வீட்டு ரூட்டரின் பாதுகாப்பை வெப்புக்கோ டிகேஐபிக்கோ இறக்கிவிட்டால் பழைய கணினி சேர்ந்துவிடும் என்கிறார்கள். சேரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கணினிக்காக வீட்டிலுள்ள அத்தனை கருவிகளின் பாதுகாப்பையும் பலியிடுவது எவ்வகையிலும் நியாயமன்று. வேகமும் போய்விடும்: டிகேஐபி பயன்படுத்தும் இணைப்புக்கு 802.11என் காலத்திய உயர்வேகம் அனுமதிக்கப்படவில்லை என்பதால், அது 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது. மேலும் 802.11பி கருவி ஒன்று நெட்வொர்க்கில் இருக்கும்வரை, புதிய கருவிகள் ஒவ்வொரு முறையும் அதற்குப் புரியும் மெதுவான அறிவிப்பை முன்னால் அனுப்பிய பிறகே பேச வேண்டியிருக்கும். இந்த விலை கொடுத்துப் பெறும் இணைப்பு யாருக்கும் தேவையில்லை.

செருகும் அட்டைகளை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. மடிக்கணினியின் பக்கவாட்டில் அட்டை செருகும் 32 பிட் கார்டுபஸ் வசதி இருந்து, இயங்குதளம் எக்ஸ்பியாகவோ லினக்ஸாகவோ இருந்தால், ஏதரோஸ் ஏஆர்5212 சில்லு கொண்ட 802.11ஜி அட்டை ஒன்று ஏஇஎஸ் குறியாக்கத்தைத் தன் வன்பொருளிலேயே செய்யும். அப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதையே பயன்படுத்துவது தகும். அட்டையின் முனையில் மேடு மேடான பொன்னிறப் பட்டை இருந்தால் அது கார்டுபஸ் அட்டை என்று அறியலாம். 16 பிட் வசதி மட்டும் உள்ள இன்னும் பழைய கணினிகளில் அது உள்ளே நுழையாதபடி விளிம்பிலேயே தடை வைத்திருக்கிறார்கள். வெளித்தோற்றமும் மாதிரி எண்ணும் ஒன்றாகவே இருக்க, உள்ளிருக்கும் சில்லை மட்டும் தயாரிப்பாளர் இடையில் மாற்றிவிட்ட அட்டைகளும் உண்டு என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பழைய பொருள் விற்பவர் சொல்லும் மாதிரி எண்ணை மட்டும் நம்பாமல், பதிப்பு எண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியின் உள்ளே இருக்கும் மினி பிசிஐ அட்டையை மாற்றலாம் என்றால், பிற்காலத் திங்க்பேட்கள் சில, கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயாஸின் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டதும் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி இயங்க மறுத்துவிடும்.

யுஎஸ்பி அடாப்டர் இன்னும் சங்கடமானது. டி23-இல் இருப்பது யுஎஸ்பி 1.1, கோட்பாட்டளவிலேயே 12 மெகாபிட்டுக்கு மேல் அது தராது. ஒரு கடையில் நான் வாங்கிய அடாப்டர், எக்ஸ்பிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தும், அதற்கான டிரைவரைக் கடைசிவரை தரவில்லை. டிரைவர் கிடைக்கும் ஆர்டிஎல்8188சியுஎஸ் போன்ற சில்லுகள் கொண்ட அடாப்டர்கள் எக்ஸ்பியில் இயங்கும் என்றாலும், குறியாக்கம், டிரைவர், யுஎஸ்பி வேகம் என்று மூன்று சுமைகளையும் கணினியின் தலையில் ஏற்றுவதாகவே இந்த வழி அமைகிறது.

இப்போது டபிள்யூஆர்802என் கருவிக்கு வருகிறேன். 57 மில்லிமீட்டர் நீளம், அதே அகலம், 18 மில்லிமீட்டர் உயரம் கொண்ட சிறு வெள்ளைப் பெட்டி இது. மின்சாரத்துக்கு ஒரு மைக்ரோ யுஎஸ்பி போர்ட், நெட்வொர்க்குக்கு 10/100 மெகாபிட் லேன் போர்ட் ஒன்று. வேறு எதுவும் கிடையாது. ரூட்டர், ஆக்சஸ் பாயின்ட், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், கிளையன்ட், ஹாட்ஸ்பாட் ஆகிய ஐந்து விதங்களில் இது இயங்கும். பழைய மடிக்கணினிக்கு வேண்டியவை கிளையன்ட், ஹாட்ஸ்பாட் ஆகிய இரண்டு மட்டுமே. கிளையன்ட் முறையில் இது வீட்டு வைஃபையில் டபிள்யூபிஏ2 பாதுகாப்போடு சேர்ந்துகொண்டு, வரும் இணைப்பை லேன் கேபிள் வழியாகக் கணினிக்குத் தருகிறது. இருவரின் மொழியும் அறிந்த ஓர் இடையாளைப் போல, கணினியோடு அதன் காலத்து முறையிலும் ரூட்டரோடு இன்றைய முறையிலும் இது பேசுகிறது. கணினிக்கு வைஃபை என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு இத்தனை உறுதியாக நிற்பதற்குக் காரணம் லேன் கேபிளில் இயங்கும் ஈதர்நெட் முறைதான். 1990-இல் வரையறுக்கப்பட்ட 10பேஸ்-டி முறையில் இயங்கும் லேன் அட்டையை இன்றைய ரூட்டரில் செருகினாலும், ரூட்டர் அதன் வேகத்தைத் தானே கண்டறிந்து, அந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். வைஃபையில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் பாதுகாப்பைக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்க, முறுக்கிய செம்புக் கம்பி வழி ஈதர்நெட் தன் பழைய கருவிகளை மறக்கவில்லை. கணினித் துறையில் இவ்வளவு பொறுப்போடு பேணப்பட்ட ஏற்பாடுகள் குறைவு என்றே நினைக்கிறேன். அதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அமைப்பது எளிது. ஆனால் அமைக்கும் வேலையைப் பழைய கணினியிலிருந்து தொடங்காமல், கைபேசியிலிருந்து தொடங்குவது நல்லது. கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் அது தன் பெயரில் ஒரு வைஃபையை வெளியிடும்; அதன் கடவுச்சொல் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கிறது. கைபேசியில் அந்த வைஃபையில் சேர்ந்து, உலாவியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நிர்வாகத்துக்கான கடவுச்சொல்லை மாற்றி, கிளையன்ட் முறையைத் தேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும். பிறகு கேபிளைக் கணினியில் செருகி, ஐபி முகவரியைத் தானாகப் பெறும்படி அமைக்க வேண்டும். முகவரி வந்துவிட்டதா என்பதை எக்ஸ்பியிலும் விண்டோஸ் 2000-த்திலும் ஐபிகான்ஃபிக் கட்டளையும், விண்டோஸ் 98-இல் வின்ஐபிசிஎஃப்ஜி நிரலும் காட்டும். என் டி23-இல் உள்ள இன்டெல் லேன் சில்லுக்குத் தனியாக டிரைவர் தேட வேண்டியிருக்கவில்லை. கேபிளைச் செருகியவுடன் முகவரி வந்தது. அதுவரை அட்டைகளோடு பட்ட பாட்டை எண்ணும்போது, அந்த நிமிடத்தில் ஏற்பட்ட நிறைவு சாதாரணமானதன்று.

மின்சாரம் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. இதனுடன் வரும் சார்ஜர் 5 வோல்ட், 1 ஆம்பியர் தரக்கூடியது. பழைய மடிக்கணினியின் யுஎஸ்பி போர்ட் தரக்கூடிய உச்சம் 500 மில்லி ஆம்பியர். கேபிள் ஒன்று குறையும் என்று எண்ணி அதிலிருந்து மின்சாரம் எடுக்க முயலாமல், தனிச் சார்ஜரையோ பவர் பேங்கையோ பயன்படுத்துங்கள்.

பயன்பாட்டில் இந்தக் கருவி மீது எனக்கு மனக்குறை இல்லை. வைஃபை பக்கம் இதன் உச்ச வேகம் 300 மெகாபிட் என்று குறிப்பிடப்பட்டாலும், லேன் போர்ட் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவே. பென்டியம் III காலத்துச் செயலிக்கு அதுவே தேவைக்கு மேல். கோப்புகளை எஃப்டிபி வழியாக வீட்டுச் சேமிப்புக் கருவிக்கு அனுப்புவது, லினக்ஸ் தொகுப்புகளை இறக்குவது போன்றவற்றில் தடையை நான் உணர்ந்ததில்லை. வீட்டு ரூட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் இது தானாகவே சேர்ந்துகொள்கிறது.

லேன் போர்ட்டே இல்லாத மடிக்கணினி என்றால், முதலில் பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ லேன் அட்டை ஒன்றைத் தேட வேண்டும். 16 பிட் வசதி மட்டும் உள்ள கணினிகளுக்கு த்ரீகாம் நிறுவனத்தின் 3சி589 வரிசை பரவலாக அறியப்பட்டது. 10 மெகாபிட்தான் என்றாலும், டாஸ் முதல் லினக்ஸ் வரை டிரைவர்கள் கிடைக்கின்றன. இத்தகைய அட்டைகள் பலவற்றில் லேன் கேபிளைச் செருகுவதற்கு டாங்கிள் என்னும் சிறு இணைப்பு வால் தனியாக வரும். பழைய பொருளாக வாங்கும்போது பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அதுவே. அது இல்லாத அட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பிசிஎம்சிஐஏ வசதியும் இல்லாமல் சீரியல் போர்ட் மட்டும் உள்ள கணினிகளுக்கு, இஎஸ்பி8266 சில்லைக் கொண்டு செய்யப்பட்ட வைஃபை மோடம்கள் உண்டு. பழைய டயல்-அப் மோடத்தைப் போலவே ஏடி கட்டளைகளை ஏற்று, மறுபக்கம் டபிள்யூபிஏ2 வைஃபையில் சேர்ந்துகொள்ளும் அந்தக் கருவிகள் தனி மதிப்புரைக்கு உரியவை.

இணைப்பு கிடைத்தவுடன் இணையதளங்கள் எல்லாம் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த ஏமாற்றத்துக்கு இந்தக் கருவி பொறுப்பாகாது. இன்றைய தளங்கள் டிஎல்எஸ் என்னும் இணையக் குறியாக்க முறையின் 1.2 அல்லது 1.3 பதிப்பைக் கேட்கின்றன. எக்ஸ்பியோடு இயங்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 அவற்றை அறியாது. முதலில் கணினியின் தேதியைச் சரிபாருங்கள்: பயாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் எந்தச் சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும். அடுத்தது உலாவி. பென்டியம் III செயலியில் எஸ்எஸ்இ2 என்னும் பிற்காலச் செயலிக் கட்டளைகள் இல்லை. குரோம் 2014-இல் வெளியான 35ஆம் பதிப்பிலிருந்தும், விண்டோஸுக்கான ஃபயர்பாக்ஸ் 2016-இல் வெளியான 49ஆம் பதிப்பிலிருந்தும் அந்தக் கட்டளைகளைக் கட்டாயமாக்கிவிட்டன. ஆகவே விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் 48-தான் இந்தச் செயலிக்குக் கடைசி. அதற்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்னும் மூலச் சான்றிதழ் அதில் இல்லை. 2021 செப்டம்பர் 30 அன்று பழைய மூலச் சான்றிதழ் காலாவதியான பிறகு எண்ணற்ற தளங்கள் பிழை காட்டத் தொடங்கியதற்கு இதுவே காரணம். ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-ஐக் கையால் சேர்த்துவிட்டால் பல தளங்கள் மீண்டும் திறக்கின்றன.

லினக்ஸ் நிறுவியவர்களுக்கு டில்லோ, நெட்சர்ஃப் ஆகிய உலாவிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டை நம்பி நிற்கும் பக்கங்களுக்கு அவை உதவா என்றாலும், கட்டுரைகளைப் படிக்க அருமையானவை. நீண்ட இடைவெளிக்குப் பின் 2024-இல் டில்லோவின் 3.1 பதிப்பு வெளிவந்ததை அறிந்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இன்னும் பழைய கணினிகளுக்கு ஃபிராக்ஃபைண்ட் தளம் பக்கங்களை வெறும் எழுத்தாக்கித் தருகிறது. வீட்டிலுள்ள வேறொரு கணினியில் டபிள்யூஆர்பி என்னும் நிரலை இயக்கினால், அது பக்கத்தைப் படமாக வரைந்து, சொடுக்கத்தக்க வடிவில் பழைய உலாவிக்கு அனுப்பும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கிளையன்ட் முறையைவிட ஹாட்ஸ்பாட் முறையே எனக்குப் பிடித்திருக்கிறது. கிளையன்ட் முறையில் பழைய கணினி வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக அமர்ந்துவிடும். ஹாட்ஸ்பாட் முறையில் டபிள்யூஆர்802என் தனி முகவரி வரிசையை உருவாக்கி, கணினியை அதற்குப் பின்னால் மறைத்துவைக்கும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. 2017-இல் வானாக்ரை என்னும் தீநிரல் பரவியபோது, அதே நெட்வொர்க்கிலுள்ள ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அது எவ்வளவு எளிதில் தாவியது என்பதை உலகமே பார்த்தது. வேறு கருவிகளிலிருந்து பழைய கணினியை நோக்கி வரும் அழைப்புகளை இந்த மறைப்பு தடுக்கும். எதிர்த்திசையில் தடுக்காது என்பதால், இந்தக் கருவியை வீட்டு ரூட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. இரண்டு ரூட்டர்களும் ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால் குழப்பம் வரும். இதன் வரிசையை மாற்றிவிட வேண்டும். வங்கிக் கணக்கு, முதன்மை மின்னஞ்சல் போன்றவற்றை இத்தகைய கணினியில் திறக்கவே கூடாது.

வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தக் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். வீட்டு ரூட்டரில் அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது. இதன் பாதுகாப்பு டபிள்யூபிஏ2 வரைதான். ரூட்டர் டபிள்யூபிஏ3-ஐ மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும், அல்லது விருந்தினர் நெட்வொர்க்குக்கு மட்டும் டபிள்யூபிஏ2 கொடுக்க வேண்டும். இவற்றுக்கு இடமில்லாதவர்களும், நெட்வொர்க்குகள் நெருங்கிய அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலால் தவிப்பவர்களும், 5 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ3-யும் கொண்ட, கிளையன்ட் முறை இருப்பதாக விவரக் குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிற வேறொரு பயண ரூட்டரைத் தேர்ந்துகொள்ளலாம். கணினியின் பக்கம் செய்ய வேண்டிய வேலைகள் அப்போதும் இவைதான்.